பாயில் ஒழுகிய வெளிச்சம்

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகைக் கட்டில் இன்னும் பாதிகூட முடியவில்லை. ஒவ்வொரு கவரிலும் நாலு மூலைக்கு மஞ்சள் தடவிக் காயவைத்து, உன் லிஸ்டைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரையெல்லாம் டைப் அடித்து ஒட்டிவிடலாம் என்றாய். நான்தான் முடியாது என்றேன். ஒன்பதாம் கிளாஸோடு நின்றுபோன கையெழுத்துதான், கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், இருந்தாலும் என் மகன் கல்யாணத்துக்கு நான் எழுதிக் கூப்பிட்டதாக இருக்கட்டும். லிஸ்டில் உன் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஏழாம் கிளாஸில் உன் மண்டையை உடைத்து மூன்று தையல் போடவைத்தவன்கூட இருக்கிறான். சுதாகர் பேர் மட்டும் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலேயும் பார்த்தேன். போனில் கேட்டதற்கு, "வேணாம் மா" என்றாய். ஏன்டா என்றேன். "வேணாம்னா வேணாம், வுடு" என்றாய். விட்டுவிட்டேன். வாயில் வந்ததை விழுங்குவது எனக்குப் புதிதில்லை. அப்படி விழுங்கின ஒன்றைச் சொல்லத்தான் பேர் எழுதுகிற பேனாவை எடுத்து இதை எழுதுகிறேன். படித்துவிட்டு ஷாலினியிடமும் கொடு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு இந்த வீட்டின் நல்லதும் தெரியட்டும், கெட்டதும் தெரியட்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பக்கத்து வீட்டு ரோசி அக்காவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

நீ காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டின பிறகு திரும்பிவந்துகொண்டிருந்த காலத்தில்தான் சுதாகர் பேர் முதலில் என் காதில் விழுந்தது. ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன், மல்பேக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர், வீட்டில் துளுவும் கன்னடமும் பேசுகிறவன். ஒரு லீவுக்கு அவனோடு ஊருக்குப் போனவன் திரும்பிவரும்போது தோல் உரிந்து, கருத்து, பல் மட்டும் தெரிய வந்து நின்றாய். ஆறு மாசத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய பாய்ப்படகை வாங்கிவிட்டீர்கள். என் கையில் அப்போது இருந்த ஊசியைக் குத்திக்கொள்ளாததுதான் பாக்கி. நம் குடும்பத்தில் கடலைக் கண்டவர்கள் யார்? உன் அப்பா தங்கச் சுரங்கத்தில் பத்தாயிரம் அடி கீழே போய்வந்த மனிதர், ஏரிக்கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்கச் சொன்னால் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவருவார். நான் ரோசி அக்காவோடு வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை போனதோடு சரி. தடுத்தால் நிற்கமாட்டாய் என்று தெரியும். அதனால் கிண்டல் பண்ணினேன். அப்பா பூமிக்கடியில் ஓட்டை போட்டது போதாதென்று மகன் தண்ணீருக்கு மேலே போகிறான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அந்தப் படங்கள். ஒவ்வொன்றும் உன் முகத்தோடுதான் ஆரம்பிக்கும், காற்றில் தலைமயிர் நட்டுக்கொண்டிருக்கும். "மா, இது உனுக்கு. எங்க கீறோம் பாரு" என்பாய். அப்புறம் அரைமணி நேரம் மல்பே, கங்கொள்ளி, முருடேஸ்வர், ஹொன்னாவர் என்று கரையோரமாகவே போகும். சாய்ந்த படகில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நீ உப்புமா கிளறியதும், அது சாய்ந்தபடியே வெந்ததும், சுதாகர் அதை வாயில் போட்டுவிட்டு கேமராவைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்றதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. நெட்டில் போட்டு லிங்க் அனுப்புவாய், எனக்கு மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவருவாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம் டிவி முன்னால், சுரங்கக்காரர்களுக்குக் கட்டின இந்த வீட்டு வரிசையில், பாதி லைனும் உட்கார்ந்திருக்கும். முனுசாமி மாமா முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர், "அங்க எத்தினி அடி ஆழம்பா?" என்று கேட்டார். எட்டு ஆள் ஆழம் என்று நீ சொன்னதும், "அவ்ளோதானா? அது நமுக்கு பாத்ரூம் தொட்டி" என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி பிடித்துவிட்டார். இந்த லைனில் வயசானவர்கள் நாள் முழுக்க மாத்திரையும் மூச்சிரைப்பும்தான் பேசுவார்கள். உன் படம் ஓடுகிற அரைமணி நேரம் ஒருத்தரும் இருமமாட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கர்வம் தலைக்கேறியது. இல்லையென்று சொன்னால் பொய்.

இப்போது பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. நம் லைனில் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற ஆம்பளையைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது, ஜாக்கிரதை என்று சொல்லக் கூடாது. சொன்னால் கெட்டதை வாயால் வரவழைத்த மாதிரி. வாசலில் நின்று, அவர் லைன் முனை திரும்புகிறவரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடவேண்டும். உனக்கு நாலு வயசு. அன்றைக்கு உன் அப்பா வெற்றிலைப் பொட்டலத்தை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கீழே எட்டு மணி நேரமும் அவருக்கு அதுதான் துணை. நான் யோசிக்கவேயில்லை. "ஏங்க, வெத்தல" என்று கூப்பிட்டுவிட்டேன். லைன் முனையில் நின்றார், திரும்பி வந்தார், வாங்கிக்கொண்டார். என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பத்து மணி வாக்கில் தரை உதறியது. அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் கீழே விழுந்தது. கீழே பாறை வெடித்திருக்கிறது என்று லைனில் குழந்தைக்குக்கூடத் தெரியும், பர்ஸ்ட் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் சுரங்கத்து வாய்க்கு, ஷாஃப்டுக்கு ஓடினோம். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். ஆட்களைத் தூக்கிவருகிற கேஜ் ஏறி ஏறி வந்தது. நாலாவது தடவை உன் அப்பாவை ஸ்டிரெச்சரில் கொண்டுவந்தார்கள், இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது. பக்கத்தில் வேலை செய்த ரோசி அக்கா வீட்டுக்காரர் உயிரோடு வரவில்லை. அன்றிலிருந்து லைனில் எனக்கு ஒரு பேர் வந்தது. உன் அத்தை ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "பின்னாடி கூப்ட்டு அனுப்சிட்டு இப்ப ஒக்காந்து அழுவறா." குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். புருஷனைப் பறிகொடுத்த ரோசி அக்கா ஒருத்திதான் என் கையைப் பிடித்து, "பாறைக்குக் காதா கீது, நீ கூப்ட்டது கேக்கறதுக்கு? போய் வேலையப் பாரு மே" என்றாள். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அத்தை சொன்னதைத்தான் நம்பினேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் கிளம்புகிற ஒருத்தரையும் நான் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. நீ பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனபோதுகூடக் கூப்பிடாமல், கொல்லைப்பக்கம் சுற்றி ஓடி, பஸ் ஸ்டாப்பில் உனக்கு முன்னால் வந்து நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏம்மா இப்படி மூச்சு வாங்குது என்று சிரித்தாய்.

கால் போன பிறகு உன் அப்பாவுக்கு மேலேயே சின்ன வேலை கொடுத்தார்கள், கொஞ்ச வருஷத்தில் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டெண்ட் ஹவுஸுக்குத் தைக்கப் போனேன். ஷாமியானா, பந்தல் துணி, மேடைக்குப் பின்னால் கட்டுகிற திரை. உனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியதெல்லாம் அந்த மெஷின்தான். பெரிய துணி வெயிலிலும் காற்றிலும் நின்றால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். துணி ஒரு நாளும் முதலில் போகாது, நூல்தான் முதலில் போகும். வெயில் பட்டுப் பட்டு இற்றுப்போகும். கண்ணுக்குத் துணி பளிச்சென்று இருக்கும், தையல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஊசி ஓட்டைதான் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் அந்த ஓட்டை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக ஒழுகும். அப்படிப் பார்த்துவிட்டால் அந்த ஷாமியானாவை உடனே இறக்கச் சொல்வோம். ஒரு காற்று போதும், மூலையிலிருந்து முனைவரை கிழித்துக்கொண்டு போய்விடும்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்து நீங்கள் படகை மறுபடி இறக்கின சமயம். புதுப் படம் ஒன்றை வியாழக்கிழமை அனுப்பினாய். லைனில் கடைசி வீடு வரைக்கும் எல்லோரும் போனில் பார்த்து அதே ஒரு இடத்தைத்தான் சொன்னார்கள். சாயங்கால வெயிலில் பெரிய பாயைக் கீழிருந்து மேலே மெதுவாகக் காட்டியிருந்தாய். பாட்டு இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். பாயின் பின் ஓரத்தில், மேல் மூலைக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக மின்னின. உன் குரல் கேட்டது: "மா, பாரு, பாயில நட்சத்திரம் மாதிரி கீது." வெள்ளிக்கிழமை மத்தியானம் லைன் பையன் ஒருத்தனை விட்டு அதை என் பென்டிரைவில் இறக்கவைத்து, டிவியில் போட்டு ரோசி அக்காவும் நானும் பார்த்தோம். அவள், இன்னா அழகு என்றாள். நான் படத்தை நிறுத்தினேன். கிட்டே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். டிவி மேல் விரலை வைத்துப் புள்ளிகளை எண்ணினேன். அது நட்சத்திரம் இல்லை, பிரபு. நூல் போன ஓட்டை.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். "மா, படம் பாத்தியா?" என்றாய். பாத்தேன்டா என்றேன். "எப்டி கீது?" என்றாய். நல்லா இருக்குது என்றேன். "காலைல கிளம்பறோம். கார்வார் வரிக்கும். நாலு நாளு." எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. பாயில ஓட்டை இருக்குதுடா, அந்த ஓரத்தை ஒரு தடவை தெச்சுட்டுப் போங்கடா. இவ்வளவுதான் சொல்லவேண்டும். கிளம்புகிறவனுக்குக் கெட்டதைச் சொல்லாதே என்று வாய் ஒட்டிக்கொண்டது. வெற்றிலைப் பொட்டலத்தோடு உன் அப்பா திரும்பி வந்த முகம் கண்முன்னால் வந்தது. இது எனக்கு என்ன தெரியும், ஷாமியானா வேறு, கடல் பாய் வேறு, சுதாகர் சின்ன வயசிலிருந்து கடலில் இருக்கிறவன், அவனுக்குத் தெரியாததா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். "இன்னா மா, பேச்சக் காணோம்?" என்றாய். "ஒண்ணுமில்லடா. போய்ட்டு வா" என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மலைமுனையைச் சுற்றும்போது திடீரென்று காற்று எழும்பியது, பாய் அந்த மூலையிலிருந்து கிழிந்து இறங்கியது, மோட்டாரில் தண்ணீர் ஏறி அது கிளம்பவில்லை, படகு பாறைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. நீ தண்ணீரில் விழுந்தாய். படகுக்கும் பாறைக்கும் நடுவில் நீ சிக்காமல் இருக்க சுதாகர் கையைக் கொடுத்துப் பாறையைத் தள்ளினான். அவன் வலது கை நசுங்கியது. இதை எனக்குச் சொன்னது உங்களை இழுத்துவந்த மீன்காரர். நீ சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் ரோசி அக்காவும் நானும் பஸ் மாறி பஸ் ஏறி அந்தக் கரையோர ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். உன் நெற்றியில் ஒரு கட்டு, வேறொன்றும் இல்லை. உன்னைத் தொட்டுப் பார்த்து, முருகனுக்கும் ரோசி அக்காவின் மாதாவுக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டேன். சுதாகருக்கு ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள், வராந்தா பெஞ்சில் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா பக்கத்தில் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் நீ சொன்னாய்: "மழைக்கு முன்னாடியே பாயத் தெச்சாச்சுன்னு சொன்னான். இவன நம்பி ஏறினேன்ல, என்ன செருப்பால அடிக்கணும்." சுதாகர் தலையைத் தூக்கவில்லை. "நந்தே தப்பு" என்றான். என் தப்புதான் என்று கன்னடத்தில் சொன்னது இந்தக் கன்னடச் சீமையில் பிறந்து வளர்ந்த நமக்குப் புரியாதா? அவன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். நான் சோற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். நானும் பார்த்தேன்டா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரோசி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், டிவியில் படத்தை நிறுத்தி நான் விரலை வைத்தது அவளுக்குத் தெரியும். எனக்கு வாய் வரவில்லை. என் மகன் பிழைத்தான், பழி வேறு ஒருத்தன்மேல் போகிறது, போகட்டும் என்று ஒரு மூலையில் மனசு சொன்னது. இதை எழுதும்போது எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை என்று தெரியும். பக்கத்து நாற்காலியை விட்டு வேறு மாடிக்கு மாற்றிக்கொண்டாய். நெட்டிலிருந்து படத்தையெல்லாம் எடுத்துவிட்டாய். முனுசாமி மாமா இன்னும் ஞாயிற்றுக்கிழமை வந்து, புதுப் படம் இல்லியாமா என்று கேட்டுவிட்டுப் போகிறார். எல்லாவற்றுக்கும் முன்னால் நீ நெட்டிலிருந்து நீக்கினது அந்த நட்சத்திரப் படம்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். அதில் உன் குரல் இருக்கிறது. சுதாகர் பார்க்கத் தவறினான் என்று நீ சொல்கிற அதே தையலை, நட்சத்திரம் மாதிரி இருக்கிறது என்று நீ சொல்கிற குரல். நெட்டிலிருந்து எடுத்தால் என்ன, என் பென்டிரைவில் இருக்கிறது. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லையடா. நீ சின்ன வயசில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, துண்டுகளைப் பொறுக்கி ரோசி அக்கா வீட்டு வாசலில் கொட்டினாயே, அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்ததோ, போன ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதா?

போன வியாழக்கிழமை நான் சுதாகருக்குப் போன் பண்ணினேன். உன்னைக் கேட்காமல்தான். ரெண்டு ரிங் அடிப்பதற்குள் எடுத்தான். "அம்மா, ஊட்டா ஆய்த்தா?" என்றான், நேற்றுத்தான் பேசின மாதிரி. சாப்பிட்டேன்ப்பா என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், டிவியில் நிறுத்தினது, விரலால் எண்ணினது, போனில் விழுங்கினது, ஆஸ்பத்திரியில் சுவர் ஓரமாக நின்றது. முழுக்கக் கேட்டுவிட்டு, அவனுடைய அரைகுறைத் தமிழில், "அம்மா, அந்த வீடியோ எடுத்தது நானு. கேமரா என் கைல இருந்தது. பிரபு பக்கத்துல நின்னு இன்னும் மேல, இன்னும் மேல அந்தான். ரெண்டு பேரும் அர்த கண்ட்டே, அரைமணி நேரம், அதே பாத்தோம். வெளிச்சந்தான் பாத்தோம், துணிய பாக்கல" என்றான். மழைக்கு முன்னால் தைக்கக் கொடுத்தது நிஜம், தையல்காரர் ஒரு ஓரத்தை மட்டும் தைத்திருக்கிறார், ரெண்டு ஓரமும் ஆகிவிட்டது என்று நினைத்துப் பிரித்துப் பார்க்காமல் கட்டிவிட்டேன், அது என் தப்புதான் என்றான். நீங்கள் சொல்லியிருந்தால் தைத்திருப்போம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கல்யாணத்துக்கு வாப்பா, நான் பத்திரிகை அனுப்புகிறேன் என்றேன். "நீங்க கூப்ட்டா வரமாட்டேன் அம்மா, கோபம் மாட்கோபேடி" என்றான். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று என்னைக் கேட்கிறான், ரெண்டு விரல் போனவன். "அவன் கூப்ட்டா வர்றேன். சும்மா பேர் எழுதினா போதும், வேற ஒண்ணும் பேச வேணாம்." அதனால்தான் அவன் பேரை நானே எழுதி லிஸ்டில் நுழைக்கவில்லை. நுழைத்திருப்பேன், உனக்குத் தெரியாமல் காரியம் செய்வதில் உன் அம்மா சளைத்தவள் இல்லை. இது என் கையெழுத்தில் போகக் கூடாது.

உன் அப்பா போவதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீ அப்போது காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாய். மூச்சு வாங்கிப் படுத்திருந்தார், நான் வெற்றிலை இடித்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "அன்னிக்கி நீ கூப்ட்டதால ஒண்ணும் ஆவலடி. பாறை வெடிக்கறதுக்கு நேரம் வந்துச்சு, வெடிச்சிது" என்றார். இடிகல்லைக் கீழே வைத்துவிட்டேன். இது உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும் என்று கேட்டேன். "அன்னிக்கே தெரியும்" என்றார். அப்ப ஏன் சொல்லல என்றேன். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "கால் போச்சு. யார் மேலயாவது கோவம் வேண்டியிருந்தது" என்றார். பதினெட்டு வருஷம், பிரபு. அத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்து, நான் ஆக்கிப்போட்டதைச் சாப்பிட்டு, என் தலையில் அந்தப் பழி இருக்கிறது என்று தெரிந்தே இருந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை முதல் வாரமே சொல்லியிருந்தால் நான் வேறு பொம்பளையாக இருந்திருப்பேன், ஓட்டையைப் பார்த்ததும் ஓட்டை என்று சொல்கிற பொம்பளையாக. அப்போது சுதாகருக்குப் பத்து விரலும் இருந்திருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், படுகிறேன்.

நீ சுதாகரை மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மன்னிக்க நீ யார், நான் யார்? அந்தத் தையலை அவன் பிரித்துப் பார்க்கவில்லை, நீ பார்த்து ரசித்தாய், நான் பார்த்து வாயை மூடினேன். மூன்று பேர் பண்ணினதை ஒருத்தன் தூக்கிக்கொண்டிருக்கிறான், அதுவும் எட்டு விரலோடு. நம் பங்கை நாம் வாங்கிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். என் பங்கை நான் வாங்கிக்கொண்டேன், போனில். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் உயிர் போகவில்லை. நாளைக்கு ஷாலினியோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் படுக்காதே. இந்த வீட்டில் அது ரெண்டு தலைமுறை நடந்தது போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரிகைக் கவர் இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். மேலே ஒன்றும் எழுதவில்லை. பென்டிரைவையும் உள்ளே போட்டிருக்கிறேன், அந்தப் படத்தை ஒரு தடவை பார், உன் குரலையும் கேள், அப்புறம் எழுது.

நாளை ஞாயிறு, நீ வருவாய், சாப்பிடுவாய், தூங்குவாய், என்னோடு வேறு எதையெதையோ பேசுவாய். நானும் பேசுவேன். கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வராது என்று எனக்கே தெரியும். திங்கட்கிழமை காலை ரயிலுக்கு நீ பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாய், நான் வழக்கம்போல வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீ லைன் முனைக்குப் போனதும் உன்னைப் பின்னாலிருந்து கூப்பிடப்போகிறேன், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி. முனுசாமி மாமா ஜன்னலைத் திறந்து பார்த்தாலும் பார்க்கட்டும். நீ பயப்படாதே. நின்று, திரும்பி வந்து, இதை வாங்கிக்கொண்டு போ.

அம்மா